வணிகத் தலைமையில் மகளிர்: பல்கலைக்கழகக் கதவுகள் திறந்த வரலாறு

கல்வி என்றவுடன் நம் சமுதாயத்தார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது அரசுப் பணியே. நிலமும் முதலும் இல்லாத மக்களுக்கு மாதந்தோறும் தவறாது வரும் ஊதியம் பெரும் காப்பு என்பதில் ஐயமில்லை. நம் பெண் மக்கள் ஆசிரியைகளாகவும், செவிலியராகவும், அலுவலக எழுத்தர்களாகவும் உயர்ந்து, தத்தம் குடும்பங்களைத் தலைநிமிரச் செய்துள்ளனர். இவ்வெள்ளி விழா வேளையில் அதனை எண்ணி நாம் மகிழ்வது தகும்.

ஆயினும், வணிகம் என்னும் பெருந்துறை இன்றளவும் நமக்கு எட்டாத தொலைவிலேயே நிற்கின்றது. நம் தாய்மார் வணிகம் அறியாதவர் அல்லர். கூடை சுமந்து மீனும் கீரையும் விற்றவர்கள் அவர்கள். ஆடு மாடு பிடித்து விற்றவர்கள். சீட்டுப் பிடித்து மகள் திருமணத்தை முடித்தவர்கள். வாய்க்கணக்காகவே வட்டியும் அசலும் பிரித்துச் சொல்லும் மூதாட்டியரை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கிறோம். அவ்வறிவு ஒரு நிறுவனமாக வளராமல், தெருமுனையோடு நின்றுபோனது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்குப் பெரிதும் பயன்படத்தக்க வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. வணிகத் தலைமைக்கு மகளிரை ஆயத்தம் செய்யப் பல்கலைக்கழகங்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு அது.

அமெரிக்கா எங்கே, நம் சேரி எங்கே என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பொருளாதாரம் பயின்றார். தாயகம் திரும்பிய பின் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை கூறுபவர் தீண்டத்தகாதவர் என அறிந்ததும் வாடிக்கையாளர் விலகவே, அத்தொழில் முடங்கியது. பின்னர் 1918ஆம் ஆண்டு பம்பாய் சிடென்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அவர் பேராசிரியரானார். 1946ஆம் ஆண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் அறிஞர் டூ போய்ஸ் என்பவருக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஆகவே அந்நாட்டு மக்களின் போராட்டத்தை நாம் நோக்குவது புதிய வழக்கமன்று. அண்ணல் காட்டிய வழியே ஆகும்.

கதவடைத்த காலம்

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய முதற்பெருமை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சாரும். அது 1881ஆம் ஆண்டு தோன்றியது. 1908ஆம் ஆண்டு பாஸ்டன் நகரை ஒட்டியுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. பட்டம் பெற்றோர்க்கான மேற்படிப்பாக அது அமைந்தது. நாட்டின் பெரிய நிறுவனங்களை ஆளப்போகும் தலைவர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். அத்தலைவர்கள் அனைவரும் ஆண்களாகவே இருப்பர் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்ட முடிபு. மகளிர்க்கு அங்கே இடமில்லை.

மகளிர்க்கென விதிக்கப்பட்டவை தட்டச்சும் சுருக்கெழுத்தும். தலைவர் சொல்ல, அதனை எழுதித் தருவதே பெண்ணின் பணி எனக் கருதப்பட்டது. நம் நாட்டில் இன்றும் வணிகவியல் படித்த பெண்ணுக்குக் கணிப்பொறி முன் அமர்ந்து பிறர் கணக்கைப் பதிவு செய்யும் வேலையே முதலில் கிடைப்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

திறமை இல்லாமையால்தான் மகளிர் விலக்கப்பட்டனரோ என்று கருதுவோர், மேகி லேனா வாக்கர் அம்மையாரின் வாழ்வை அறிதல் வேண்டும். அவர் விர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அவருடைய அன்னையார் அடிமை வாழ்விலிருந்து மீண்டவர். பிறர் ஆடைகளை வெளுத்துப் பிழைத்தவர். வெளுத்த துணிகளை வீடுவீடாகக் கொண்டு சேர்த்து வளர்ந்த மகள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றார். பின்னர் ஒரு கறுப்பின உதவிச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1903ஆம் ஆண்டு, ஏழை எளியோரின் செப்புக் காசுகளைச் சேர்க்கும் வண்ணம் ‘செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி’யைத் தொடங்கினார். அமெரிக்காவில் உரிமம் பெற்று வங்கி நிறுவிய முதற் கறுப்பினப் பெண்மணி என வரலாறு அவரைப் போற்றுகிறது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் எத்தனையோ வங்கிகள் மூழ்கின. அவர் கண்ட வங்கியோ வேறு கறுப்பின வங்கிகளுடன் இணைந்து பிழைத்து நின்றது. இத்தகைய பெண்மணி வாழ்ந்த நாட்டில்தான், பெண்களால் நிறுவனம் நடத்த இயலாது என்று கற்றோர் நம்பினர். அறிவின்மை பெண்களிடம் இல்லை, வாயிற்காவலரிடம் இருந்தது.

ஆற்றின் இக்கரையில் ஒரு வகுப்பு

ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தை ஒட்டி, ராட்கிளிஃப் என்னும் மகளிர் கல்லூரி இருந்தது. 1937ஆம் ஆண்டு அக்கல்லூரி ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. பணியாளர் நிர்வாகம் என்னும் பொருளில் பதினொரு மாதப் பயிற்சி வகுப்பு அது. முதல் ஆண்டு சேர்ந்தோர் ஐவர் மட்டுமே.

சார்லஸ் ஆற்றின் ஒரு கரையில் ராட்கிளிஃப் கல்லூரி. மறுகரையில் ஹார்வர்டு வணிகப் பள்ளி. அப்பள்ளியின் பேராசிரியர்கள் ஆற்றைக் கடந்து வந்து இப்பெண்களுக்குப் பாடம் நடத்தினர். அதே ஆசிரியர், அதே பாடம், அதே வினா; ஆனால் ஆண்களோடு ஒரே மாணவராக அமரும் உரிமை இல்லை. படித்து முடித்த ஆண்களுக்குப் பட்டம்; பெண்களுக்குச் சான்றிதழ். நம் முன்னோர் பள்ளியின் திண்ணையில் அமர்ந்தும், சாளரத்துக்கு வெளியே நின்றும் பாடம் கேட்ட செய்திகளை அறிந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அங்குப் பயிற்றுவிக்கும் முறையையும் ஈண்டு விளக்குதல் நலம். உண்மையான ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த சிக்கலை எழுதி மாணவர் கையில் தருவர். ஆலையில் பூசல் எழுந்துள்ளது. அல்லது சரக்கு தேங்கிக் கடன் ஏறியுள்ளது. ‘நீ தலைவராக இருந்தால் என்ன செய்வாய்?’ என்பதே கேள்வி. மாணவர் எழுந்து தம் முடிவைக் கூறி, பிறர் எதிர்ப்பைத் தாங்கி, காரணம் காட்டி நிலைநாட்டுதல் வேண்டும். மனப்பாடத்துக்கு அங்கு இடமில்லை. முடிவெடுக்கவும், எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்கவும் இம்முறை பழக்குகிறது. பெண்கள் அவையில் பேசலாகாது எனப் பழக்கப்பட்ட காலத்தில், இவ்வகுப்பே அவர்களுக்கு ஒரு விடுதலைக் களமாயிற்று. இதனோடு ஆலைகளிலும் அங்காடிகளிலும் நேரடிப் பணிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் களம் சென்றனர். ஆலைகளில் பெண்கள் திரளாகப் பணியேற்றனர். அவர்களை நடத்தும் திறனுள்ள நிர்வாகிகள் தேவைப்பட்டமையால் இப்பயிற்சிக்கு மதிப்புக் கூடியது. போருக்குப் பின் பாடத்திட்டம் விரிந்து, நிர்வாகவியல் முழுமைக்குமான பயிற்சியாக வளர்ந்தது. 1959ஆம் ஆண்டு, இப்பயிற்சியை முடித்த பெண்கள் ஹார்வர்டு எம்.பி.ஏ. படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர இசைவு கிடைத்தது. 1963ஆம் ஆண்டுதான் முதலாண்டு வகுப்பிலேயே நேரடியாக எட்டுப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். பள்ளி தோன்றியது முதல் கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். தனி வகுப்புத் தொடங்கியது முதல் கணக்கிட்டால் இருபத்தாறு ஆண்டுகள். ஓர் ஆற்றைக் கடக்க இத்தனை காலம் ஆயிற்று!

பணிப்பெண்ணாக இருந்தவர் பட்டம் பெற்றது

கதவு திறந்தது, எனினும் அது யாருக்குத் திறந்தது என்பது அடுத்த கேள்வி. செல்வக் குடும்பத்து வெள்ளைப் பெண்களுக்குக் கிடைத்த வாய்ப்பு, கறுப்பினப் பெண்களுக்குத் தானாக வந்து சேரவில்லை.

லில்லியன் லிங்கன் லாம்பர்ட் அம்மையார் 1940ஆம் ஆண்டு விர்ஜீனியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், ஏழைக் கறுப்பின உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும் பிழைப்புத் தேடி நியூயார்க் சென்று, செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். கல்லூரிப் படிப்பின்றி முன்னேற்றம் இல்லை என உணர்ந்து, பின்னர் வாஷிங்டன் நகரில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகம், அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளில், 1867ஆம் ஆண்டு தோன்றியது. கறுப்பின மக்களின் உயர்கல்விக்கு உற்ற துணையாக விளங்குவது. சேர்ந்தபோது லில்லியனுக்கு வயது 22. உடன் பயின்றோரைவிட மூத்தவர்; அதற்காக அவர் நாணவில்லை.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் நெய்லர் ஃபிட்ஸ்ஹியூ. அவர் 1933ஆம் ஆண்டிலேயே ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். அப்பட்டத்துக்கு உரிய பதவியைத் தருவதற்கு அன்றைய நிறுவனங்கள் முன்வரவில்லை. அவர் மனம் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. ஹோவர்டில் முப்பதாண்டுக் காலம் வணிகம் கற்பித்து, ஒரு தலைமுறையை உருவாக்கினார். ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்குமாறு லில்லியனைத் தூண்டியவர் அவரே.

1967ஆம் ஆண்டு லில்லியன் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் சேர்ந்தார். பல நூறு மாணவர் பயிலும் அவ்விடத்தில் கறுப்பின மாணவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பெண்களும் சிலரே. இரண்டுமாக இருந்தவர் லில்லியன் ஒருவரே. தாம் சேர்ந்தது போதும் என்று அவர் இருக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட 1968ஆம் ஆண்டில், அவரும் வேறு நான்கு கறுப்பின மாணவரும் இணைந்து ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர் சங்கத்தை அப்பள்ளியில் அமைத்தனர். பள்ளித் தலைவரை நேரில் கண்டு, கறுப்பின மாணவர் தொகையைப் பெருக்குமாறு வற்புறுத்தினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அத்தொகை பன்மடங்காயிற்று. 1969ஆம் ஆண்டு லில்லியன் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் எம்.பி.ஏ. பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே ஆவார்.

பட்டம் பெற்ற பின்னும் பாதை எளிதாயில்லை. பல பணிகளைப் பார்த்து, ஒரு கட்டடத் தூய்மை நிறுவனத்தில் உயர் பொறுப்பேற்றுத் தொழில் நுணுக்கங்களைக் கற்றார். 1976ஆம் ஆண்டு, தம் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையையே அலுவலகமாகக் கொண்டு ‘சென்டென்னியல் ஒன்’ என்னும் கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அது 1,200 பணியாளரும், ஆண்டுக்கு 2 கோடி டாலர் வருவாயும் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. 2001ஆம் ஆண்டு அதனை அவர் விற்று ஓய்வு பெற்றார். 2003ஆம் ஆண்டு ஹார்வர்டு வணிகப் பள்ளி தன் முன்னாள் மாணவர்க்கு வழங்கும் உயரிய விருதினை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது.

இவ்விடத்தில் நம் இளைஞர் சற்று நின்று எண்ண வேண்டும். தூய்மைப் பணி என்ற சொல்லே நமக்கு நோவு தருவது. பிறப்பின் பெயரால் துடைப்பத்தை நம் கையில் திணித்த நாட்டில் நாம் வாழ்கிறோம். அங்கும் பிறர் வீட்டைத் துடைக்கும் வேலை கறுப்பினப் பெண்கள் மேலேயே சுமத்தப்பட்டிருந்தது. லில்லியன் அம்மையார் அதே துறையில் புகுந்தார்; ஆனால் புகுந்த வாயில் வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவராக, விலையை முடிவு செய்பவராக, ஊதியம் வழங்குபவராக அவர் புகுந்தார். உழைப்பு நம்முடையதாகவும், கணக்குப் புத்தகம் பிறருடையதாகவும் இருக்கும் வரை வறுமை அகலாது. அக்கணக்குப் புத்தகத்தைப் படிக்கவும் எழுதவும் கற்றுத் தருவதுதான் வணிகக் கல்வி. நம் பெண்கள் தூய்மைத் தொழிலுக்கே செல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. எத்தொழிலாயினும் உடைமையும் முடிவும் யார் கையில் என்பதே கேள்வி.

மகளிர்க்கென்றே ஒரு நிர்வாகப் பள்ளி

ஆண்கள் அமைத்த வகுப்பில் பெண்களுக்கும் இடம் தருதல் ஒரு முறை. பெண்களின் தேவையை உணர்ந்து வகுப்பையே அமைத்தல் மற்றொரு முறை. இரண்டாம் முறைக்குச் சான்று பாஸ்டன் நகரின் சிம்மன்ஸ் கல்லூரி.

ஜான் சிம்மன்ஸ் என்பவர் ஆயத்த ஆடை வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். பெண்கள் தம் காலில் நின்று பிழைக்க உதவும் கல்வியை அளிக்குமாறு உயில் எழுதி வைத்தார். அதன்படி 1899ஆம் ஆண்டு சிம்மன்ஸ் கல்லூரி தோன்றியது. அங்கே 1970களில், மார்கரெட் ஹென்னிக், ஆன் ஜார்டிம் என்னும் இரு பெண்மணியர் மகளிர்க்கான எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கினர். இருவரும் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

பெரிய நிறுவனங்களில் உயர்பதவியை எட்டிய 25 பெண்களின் வாழ்வை ஹென்னிக் ஆராய்ந்திருந்தார். அவ்வாய்வின் பயனாக இருவரும் எழுதிய நூல் 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்கள் கண்ட உண்மைகளுள் சில நமக்கும் பொருந்துவன. அன்றைய ஆண்கள் வேலையை ஏணியாகக் கண்டனர். இன்றைய பணி நாளைய பதவிக்கு எவ்வாறு உதவும் என எண்ணினர். பெண்களோ இன்றைய பணியைப் பிழையின்றிச் செய்து, யாரேனும் கண்டு உயர்த்துவர் எனக் காத்திருந்தனர். ஆண்கள் துணிந்து செய்யும் செயலில் இழப்பையும் ஆதாயத்தையும் சேர்த்து நிறுத்தனர். பெண்கள் இழப்பை மட்டுமே கண்டு அஞ்சினர். இது பிறவிக் குணமன்று, வளர்ப்பினால் வந்தது என்பதே அவ்விருவர் முடிபு. வளர்ப்பினால் வந்ததைக் கல்வியால் மாற்றலாம் அன்றோ? ஆகவே நிதியியல், கணக்கியல், சந்தையியல் ஆகியவற்றுடன், நிறுவனத்துள் மனிதர் நடந்துகொள்ளும் முறைகளையும் அவர்கள் பாடமாக்கினர்.

நம் பள்ளிகளிலும் இந்நிலையை நாள்தோறும் காண்கிறோம். குறிப்பேட்டைப் பிழையின்றி எழுதுபவள் பெண். வகுப்புத் தலைவனாக முன்வருபவன் பையன். மதிப்பெண்ணில் முந்தும் மாணவி, ‘நீ மேலே என்ன ஆகப்போகிறாய்?’ என வினவினால் தலைகுனிந்து நிற்கிறாள். அவளுக்கு அறிவில் குறைவில்லை. தலைமை தனக்கும் உரியது என்று அவளிடம் எவரும் கூறவில்லை, அவ்வளவே.

பட்டம் மட்டும் போதாது

வகுப்பறை திறந்த பின்னும் வங்கியின் கதவு மூடியிருந்தது. பெண் கடன் கேட்டால், கணவரோ தந்தையோ கையெழுத்திட வேண்டும் என வற்புறுத்துவது அமெரிக்காவில் வழக்கமாக இருந்தது. 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சம கடன் வாய்ப்புச் சட்டம், பால் வேறுபாடும் மணநிலையும் கருதிக் கடன் மறுத்தலைத் தடை செய்தது. இனம் கருதி மறுத்தலுக்கான தடை 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. தொழிற்கடனிலும் இக்காப்பினை உறுதிசெய்ய 1988ஆம் ஆண்டு மகளிர் தொழில் உடைமைச் சட்டம் தேவைப்பட்டது. கல்வி, சட்டம், கடன் ஆகிய மூன்றும் சேர்ந்தே மகளிரைத் தொழிலுடைமையாளர் ஆக்கின. அண்ணலுக்குப் பட்டம் இருந்தும் பம்பாயில் தொழில் முடங்கியதை எண்ணுவோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க கருத்துகள் சில உள. முதலாவது, பாதிக் கதவு திறந்தாலும் உள்ளே செல்லுதல் வேண்டும். ஆனால் பாதியோடு நிறைவடைதல் கூடாது. 1937ஆம் ஆண்டின் ஐந்து பெண்கள் சான்றிதழ் தானே என்று மறுத்திருந்தால், 1963ஆம் ஆண்டின் எட்டுப் பெண்களுக்கு வழி பிறந்திருப்பது அரிது.

இரண்டாவது, வழிகாட்டும் ஒருவர் வேண்டும். ஃபிட்ஸ்ஹியூ சொல்லியிராவிடில் லில்லியன் விண்ணப்பித்திருப்பாரா என்பது ஐயமே. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. பின்னர் வேறு பல நகரங்களிலும் அவை அமைந்தன. அவற்றின் மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்குப் 15 இடங்கள் உரியன. அங்குச் சேர்வதற்கு ‘கேட்’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதையே அறியாத பட்டதாரிப் பெண்கள் நம் தெருக்களில் பலர் உள்ளனர். உரிமை ஏட்டில் இருக்கிறது. செய்தி வீட்டை அடையவில்லை. இச்செய்தியை வீடுதோறும் கொண்டு செல்வது ஆசிரியராகிய எங்கள் கடமை. சங்கத்தின் கடமையும் ஆகும்.

மூன்றாவது, உள்ளே சென்றவர் கதவைப் பிடித்து நிற்க வேண்டும். முதல்வர் என்னும் பெருமை லில்லியன் அம்மையார்க்கு உண்டு. எனினும், கடைசியானவராக இராமல் பார்த்துக்கொண்டதே அவருடைய பெரும்பணி. உயர்ந்த பின் ஊரை மறந்தவர்களை நாம் அறிவோம். அவர்களை இகழ்ந்து பயனில்லை. வரும் தலைமுறையை வேறு வகையாக வளர்ப்போம்.

1942ஆம் ஆண்டு நாகபுரியில் திரண்ட பல்லாயிரம் பெண்களிடையே, ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றம் கொண்டே அளவிடுவதாக அண்ணல் எடுத்துரைத்தார். அவ்வளவுகோலை இன்று நாம் வணிகத் துறைக்கும் பொருத்திப் பார்ப்போம்.

நம் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளுள், மேனிலைப் பள்ளியில் வணிகவியல் பயிலும் மாணவியர்க்கு வழிகாட்டும் வகுப்பும், மேலாண்மை நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியும், சிறு தொழில் நடத்தும் தாய்மார்க்குக் கணக்கெழுதும் பயிற்சியும் இடம்பெறுமாக. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரமும், கற்றவர் சிலரின் உழைப்பும் போதும்.

பெற்றோர்களே, உங்கள் மகள் கணக்கில் வல்லவள் எனின் அவளை எழுத்தர் பணியோடு நிறுத்தாதீர்கள். சகோதரிகளே, எவரேனும் அழைப்பர் எனக் காத்திராதீர்கள், விண்ணப்பம் எழுதுங்கள். கூடை சுமந்த நம் தாய்மாரின் வாய்க்கணக்கு, பேத்தியரின் கையில் நிறுவனக் கணக்காக மலரட்டும். பொன்விழா மலரில் அப்பெண்களுள் ஒருத்தி தன் தொழிலின் வரலாற்றை எழுதுவாளாக!